தொற்காளுக்கு ஏற்ற மண்

கூடையில் என்ன என்று யாராவது கேட்டால் மாம்பழம் என்று சொல்லிவிட வேண்டும் என்று யூனிஸ் சித்தூரில் பஸ் ஏறும்போதே முடிவு செய்திருந்தாள். பூதலப்பட்டு தாண்டியதும் மாம்பழம் கத்தியது.

ஒரு தரம் கத்தியிருந்தால் இருமிச் சமாளித்திருப்பாள். அது விடாமல் நீட்டி நீட்டிக் கத்தியது. கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"புட்டலோ ஏமுந்தி அம்மா?" கூடையில் என்ன என்று தெலுங்கில் கேட்டார்.

"பில்லி," என்றாள் யூனிஸ் மெதுவாக.

தெலுங்கில் பூனைக்கு அதுதான் பெயர். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் பின் சீட்டில், மலைக்கு மொட்டை போடப் போகும் ஒரு தமிழ்க் குடும்பம் உட்கார்ந்திருந்தது. அந்தக் குடும்பத்துப் பெரிய அம்மாளுக்குத் தெலுங்கு தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சூனியத்தோடு சேர்ந்து வருகிற பில்லிதான்.

"ஐயையோ, பில்லியாமே! கூடையில பில்லிய வெச்சிக்கினு வருதே இந்தப் பொண்ணு! பஸ்ஸ நிறுத்துய்யா!"

பஸ் நின்றது. பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். டிரைவர் இறங்கி ஓடத் தயாராகக் கதவில் கை வைத்தார். யூனிஸ் பதறிப்போய்க் கூடையின் வாயில் கட்டியிருந்த தாவணியை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒரு மஞ்சள் தலை எழும்பியது. பஸ் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நாக்கு தெரிய ஒரு கொட்டாவி விட்டது.

அப்புறம் பஸ்ஸில் எழுந்த சிரிப்பு சந்திரகிரி வரைக்கும் அடங்கவில்லை. பில்லி என்று கத்திய அம்மாளே தன் தயிர்சோற்றில் ஒரு உருண்டை எடுத்துப் பூனைக்கு ஊட்டினாள். "இன்னா பேரு இதுக்கு?" என்று கேட்டாள்.

"தொற்காள்."

"அப்படி ஒரு பேரா?"

யூனிஸின் அப்பா வேதநாயகம் வைத்த பெயர் அது. அவர் சித்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நற்கிரியைகள் செய்த ஒரு பெண்மணியின் பெயர் வேதாகமத்தில் அப்படித்தான் வருகிறது. இந்தப் பூனை பள்ளிக்கூட விடுதியின் அரிசி அறையில் எலி பிடித்து நற்கிரியை செய்தது. அதனால் அந்தப் பெயர். இப்போது வேதநாயகம் வேலூரில் மூத்த மகன் வீட்டில் தங்கப் போகிறார். அங்கே இரண்டு நாய்கள். ஆகவே தொற்காள், திருப்பதி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் யூனிஸோடு வந்துகொண்டிருந்தது.

திருப்பதியில் யூனிஸ் குடியிருந்தது ஒரு மாடி அறை. ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய வீடு. கீழே ஸ்ரீனிவாசராகவனும் அவர் மனைவி குமுதவல்லியும். அவர் கோயில் உக்கிராணத்தில், அரிசி பருப்பு நெய் எல்லாம் வைக்கும் இடத்தில், வேலை பார்த்தார். நெற்றியில் திருமண் கலையாமல், வாயில் வார்த்தை அதிகம் வராமல் போய் வருகிறவர். குமுதவல்லிக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் யூனிஸ். "உடம்பு தேறினதும் உன்னை விடமாட்டேன், எங்காத்து மாடியிலதான் நீ இருக்கணும்" என்று மாமி ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சொல்லிவிட்டாள். மீன், கறி மட்டும் மாடி ஏறக் கூடாது. யூனிஸ் ஒப்புக்கொண்டாள். தொற்காளை யாரும் கேட்கவில்லை.

மீன் இல்லாத குறையைத் தொற்காள் தயிர்சாதத்தில் சமாளித்துக்கொண்டது. சமாளிக்க முடியாத ஒன்று இருந்தது. சித்தூர் வீட்டில் அதற்கு வேப்பமரத்தடி இருந்தது. பறிக்க, குழி தோண்ட, மூட எவ்வளவு வேண்டுமானாலும் மண். இங்கே மாடியில் வழவழவென்று மொசைக் தரை. கீழே முற்றம் முழுக்க சிமெண்ட். வந்த அன்று தொற்காள் அறையின் நாலு மூலையிலும் தரையைப் பிறாண்டிப் பார்த்தது. யூனிஸின் முகத்தைப் பார்த்தது. பிறகு படியிறங்கிப் போய், மாமி கோலமாவு வைத்திருந்த பெரிய பேசினுக்குள் ஏறி உட்கார்ந்தது.

யூனிஸ் துரத்திக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வெள்ளை மாவை அழகாகத் தள்ளி மூடிவிட்டு, வெள்ளைக் காலுறை போட்டதுபோல நாலு பாதங்களோடு அது வெளியே குதித்தது. மாமி சமையலறை வாசலில் நின்று முழுவதையும் பார்த்திருந்தாள்.

"மாமி, மன்னிச்சிக்கோங்க மாமி. நான் இப்பவே..."

மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து யூனிஸ் கிட்டே போனால், மாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, தையல் போட்ட இடம் வலிக்கறதுடி! சிரிக்கப் படாதுன்னு நீதானே சொன்னே! எவ்ளோ மரியாதையா மூடிட்டுப் போறது பாரு! பேர் என்ன சொன்னே? தொற்... எனக்கு வாயில நுழையல. நான் கோதைன்னு கூப்பிட்டுக்கறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டபோது குரல் தாழ்ந்தது. "ஆனா இது அவருக்குத் தெரியப்படாது. சுத்தம்னா உயிரை விடுவார். அவருக்குத் தெரியறதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணு."

மறுநாளே இருவரும் வழி தேடத் தொடங்கினார்கள். ஒரு பேக்கரியிலிருந்து பன் சுடுகிற பழைய தகரத் தட்டு கிடைத்தது. தட்டு சரி, அதில் என்ன போடுவது? செய்தித்தாளைக் கிழித்துப் போட்டார்கள். தொற்காள் அதன்மேல் சுருண்டு படுத்துத் தூங்கியது. அடுப்புச் சாம்பலைப் போட்டார்கள். அதில் புரண்டுவிட்டு மாடிப்படி முழுக்கச் சாம்பல் பாதம் பதித்து, பூஜை அறை வாசல் வரைக்கும் ஊர்வலம் போனது. ஸ்ரீனிவாசராகவன் வருகிற நேரம். மாமி ஒரு துணியும் யூனிஸ் ஒரு துணியுமாக, ஒருத்தி மேலிருந்தும் ஒருத்தி கீழிருந்தும் துடைத்துக்கொண்டே வந்து நடுப்படியில் தலை முட்டிக்கொண்டார்கள். அவர் உள்ளே நுழைந்தபோது இரண்டு பேரும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன?" என்றார் அவர்.

"படி துடைச்சோம்," என்றாள் மாமி.

"ரெண்டு பேருமா?"

"பெரிய படி."

அவர் படியைப் பார்த்தார், தலையாட்டினார், உள்ளே போனார்.

உமியைப் போட்டதுதான் மகா தப்பு. யூனிஸ் அசதியில் மின்விசிறியைப் போட்டுவிட்டாள். அவள் தலையிலிருந்து உமி பொறுக்கியதில் ஒரு விடுமுறை நாள் போய்விட்டது. மரத்தூள் தொற்காளுக்குத் தும்மலை வரவழைத்தது. அது ஒன்றன்மேல் ஒன்றாகத் தும்மித் தும்மி, கடைசித் தும்மலில் தானே பின்னால் உருண்டு விழுந்து, யாரையோ குற்றம் சாட்டுவதுபோல எழுந்து போயிற்று. எதிலும் அது தன் வேலையை மட்டும் செய்யவில்லை. அதற்குக் கோலமாவுதான் வேண்டும். மாமி பேசினைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை முடிந்ததும் யூனிஸ் தன் சபைக் கோயில் மதிலோரம் குந்தி உட்கார்ந்திருந்தாள். மதில் கட்டக் கொட்டியிருந்த மணலைப் பாட்டுப்புத்தகப் பையில் வாரி வாரிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அத எடுக்காதீங்க," என்று ஒரு குரல் கேட்டது.

அண்ணாந்து பார்த்தாள். ஒல்லியாக, உயரமாக, காலர் பொத்தான் வரை போட்ட ஒரு ஆள்.

"பாஸ்டர் ஐயர்கிட்ட கேட்டுக்கினுதான் எடுக்கறேன்," என்றாள் கோபமாக.

"அதுக்குச் சொல்லலைங்க. அது கட்டட மணல். கூர் கூரா இருக்கும். எதுக்கு வேணும் உங்களுக்கு?"

"பூனைக்கு."

அவர் மணல் பையைப் பார்த்தார். "பூன வீடு கட்டுதுங்களா?"

யூனிஸுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, கோயில் வளாகம், வெள்ளைச் சேலை, கை நிறைய மணல், அப்படிச் சிரித்தாள். அவரும் சிரிக்கத் தொடங்கினார். பாஸ்டர் அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

அவர் பெயர் தியோடர். சொந்த ஊர் சத்தியவேடு. அரசாங்க மண் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஜீப்பில் கிராமம் கிராமமாகப் போய் மண் எடுத்து வந்து, இதில் என்ன விளையும் என்று சொல்வது அவர் தொழில். யூனிஸ் விஷயத்தை முழுக்கச் சொல்லக் கேட்டுக்கொண்டார். பாதியில் சிரிப்பை விட்டுவிட்டார். டாக்டர் மாதிரிக் கேள்வி கேட்கத் தொடங்கினார். குழி எவ்வளவு ஆழம் தோண்டும்? தோண்டுவதற்கு முன் மோந்து பார்க்குமா? சித்தூர் வேப்பமரத்தடி மண் என்ன நிறம்?

"நெல்லுக்கு மண்ணு சொல்லிக்கிறேன், மல்லாட்டைக்குச் சொல்லிக்கிறேன், கரும்புக்குச் சொல்லிக்கிறேன்," என்றார் கடைசியில். "பூனைக்கு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. ஆனா அதுக்கும் ஒரு மண்ணு இருக்கத்தான் இருக்கும். பாக்கலாங்க."

முதல் மண் வெதுருகுப்பத்திலிருந்து வந்தது. ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறையச் செம்மண். தியோடர் மாடிப்படியின் கீழேயே நின்று டின்னை நீட்டினார். குமுதவல்லி மாமிதான் வற்புறுத்தி மேலே அனுப்பி, காப்பியோடு தானும் துணைக்கு வந்து உட்கார்ந்தாள். தொற்காள் செம்மண்ணில் ஒரு காலை வைத்தது, எடுத்தது, உதறியது. இன்னொரு காலை வைத்தது. அப்புறம் அதில் சுகமாகப் படுத்துப் புரண்டது. புரண்டுவிட்டு நேராகப் போய், இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த நர்ஸ் உடுப்பின்மேல் உட்கார்ந்தது.

யூனிஸ் கவனிக்காமல் அதை உடுத்திக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். வார்டில் பாலையா என்ற நோயாளி, முந்தின நாள்தான் மயக்கம் தெளிந்தவர், அவள் முதுகில் இருந்த சிவப்புப் பாதங்களைப் பார்த்துவிட்டு, "சிஸ்டரம்மா, உங்க மேல புலி ஏறிப் போயிருக்குது" என்றார். மருந்தின் மயக்கம் இன்னும் தீரவில்லை என்று டாக்டர் அவரை மறுபடி பரிசோதித்தார். யூனிஸ் கண்ணாடியில் பார்த்தபின் ஓடிப்போய் உண்மையைச் சொன்னாள். வார்டே சிரித்தது. பாலையா மட்டும், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று பெருமையாகப் படுத்துக்கொண்டார்.

அடுத்த தடவை தியோடர் வந்தபோது தட்டைக் குனிந்து மோந்து பார்த்தார். "இத எப்படிக் கழுவறீங்க?"

"பினாயில் ஊத்தித்தான். வார்டு மாதிரி சுத்தமா வெச்சிக்கினு இருக்கேன்."

"நிறுத்துங்க, நிறுத்துங்க! நமக்கே கண்ணு எரியுது. மண்ண மோந்து பாத்துப் போற ஜீவன் அது. பினாயில் வாடைல எந்த மண்ணு போட்டாலும் கிட்ட வராது. அது உடம்புக்கும் ஆகாது. வெந்நீர் மட்டும் ஊத்திக் கழுவி வெயில்ல காய வைங்க. தட்டையும் கதவுகிட்டேருந்து எடுத்து அந்த மூலையில வைங்க. வர்றவங்க போறவங்க முன்னால அதுக்கும் வெக்கமா இருக்காதா?"

"அதானே!" என்றாள் மாமி.

அன்றைக்கு அவர் கொண்டுவந்தது சுவர்ணமுகி ஆற்று மணல். மேல்மணலைத் தள்ளிவிட்டு அடியில் இருந்த பொடிமணலாக எடுத்து, கழுவி, உலர்த்தி, மெல்லிய சல்லடையில் சலித்திருந்தார். "கோலமாவத் தேடிப் போச்சுன்னு சொன்னீங்களே, அதுல இருக்குது விஷயம். பொடியா, மெத்துனு, காலுல உறுத்தாம இருக்கணும். நாலு விரல் ஆழம் போடுங்க. ஞாயித்துக்கெழம கேக்கறேன்."

அவர் போய் வெகுநேரம் ஆகவில்லை. சாயங்கால வெயில் ஜன்னலில் இருந்தது. தொற்காள் மூலைக்குப் போயிற்று. மோந்து பார்த்தது. ஒரு காலால் பறித்தது. மணல் சரசரவென்று விலகியது. இன்னொரு தரம் பறித்தது. சுற்றியது. உட்கார்ந்தது. அதன் கண்கள் பாதி மூடி, முகத்தில் ஒரு பெரிய அமைதி வந்தது. எழுந்து திரும்பி, ஒரு மணல் பாக்கி விடாமல் மூடியது.

யூனிஸ் சத்தம் போடாமல் ஓடி மாமியைக் கைபிடித்து இழுத்து வந்தாள். இருவரும் தட்டுக்கு முன்னால் நின்று பார்த்தார்கள். பிறகு மாமி யூனிஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ள, கும்மி சுற்றுவதுபோலச் சுற்றினார்கள். தொற்காள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவர்களைப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தியோடர் வேகமாக வந்தார். "இன்னாங்க ஆச்சு? போச்சா?"

ஆச்சு, பிரமாதமாக ஆச்சு என்று சொல்லத்தான் யூனிஸ் வாயைத் திறந்தாள். அவர் முன்னால் சாய்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பரீட்சை முடிவு பார்க்க வந்தவர் போல இருந்தது அந்த முகம். போச்சு என்று சொன்னால் அந்த முகம் சந்தோஷப்படும். பிறகு? பிறகு அவர் வருவதற்கு என்ன காரணம் இருக்கிறது? டின் இல்லை, மண் இல்லை, காப்பி இல்லை.

"புடிக்கலங்க," என்று வந்துவிட்டது வாயிலிருந்து.

"புடிக்கலையா! ஆத்து மணலா?"

"மோந்துகூடப் பாக்கல."

வீட்டுக்கு நடந்துபோகும்போது அவள் கன்னம் காந்தியது. அப்பா எத்தனை வரன் சொல்லியிருக்கிறார்! "டூட்டி இருக்குது நைனா" என்று எழுந்து போகிறவள் அவள். இப்போது ஒரு பூனையின் பேரில் பொய் சொல்லிவிட்டு, தெருவில் தனியாகச் சிரித்துக்கொண்டு போகிறாள். ஒரு ரிக்‌ஷாக்காரர் வண்டியை நிறுத்தி, சவாரியா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு அதற்கும் சிரித்தாள்.

அப்புறம் மண்கள் வரிசையாக வந்தன. ஏர்ப்பேடு பக்கத்துக் கரிசல், வேர்க்கடலை விளைகிற மல்லாட்டைக் கொல்லை மண், பெயர் தெரியாத ஒரு மலையடிவாரத்துச் சாம்பல் நிற மண். ஒவ்வொரு டின்னோடும் தியோடர் வந்தார். யூனிஸ் பழைய ஆற்று மணல் தட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, புதிதாக ஒரு தட்டை மூலையில் வைப்பாள். "எங்க ஊர் மண்ணையும் பாருங்கோளேன்" என்று ஒருநாள் மாமியே நாராயணவனத்தைப் பற்றிப் பேச்செடுத்தாள். அது அவள் பிறந்த ஊர். சொன்ன வாயை உடனே பொத்திக்கொண்டாள். "ஐயோ வேண்டாம், வேண்டாம்! பெருமாள் கல்யாணம் பண்ணிண்ட ஊர்!"

"சேச்சே, அத நான் தொடுவேனா மாமி?" என்றார் தியோடர். "ஆனா அங்க மண்ணு வாகு ரொம்ப நல்லாருக்கும். மல்லிப்பூ வைங்க, கொட்டும்." மாமிக்கு அவரை அன்றே மிகவும் பிடித்துப்போயிற்று.

தொற்காள் நிராகரித்ததாகச் சொல்லப்பட்ட மண்ணெல்லாம் மாமியின் பூந்தொட்டிகளுக்குப் போயிற்று. ஒரு டின்னைக் கவிழ்த்துக்கொண்டே மாமி கேட்டாள்: "ஏண்டி, கோதைக்குத்தான் ஆத்து மணல் பிடிச்சுடுத்தே. பின்ன எதுக்கு அந்தப் பிள்ளை ஊர் ஊரா அலையறது?"

யூனிஸ் துளசிச் செடியைப் பார்த்தாள், ஆகாயத்தைப் பார்த்தாள், தன் கால் விரலைப் பார்த்தாள்.

"ஓஹோ," என்றாள் மாமி. கொஞ்சம் பொறுத்து, "ஓஹோஹோ!" என்றாள். இருவரும் தொட்டிகளுக்கு நடுவே ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். "நன்னாப் பொய் சொல்றே போ. நானும் ஒத்தாசை பண்றேன். கரிசல் மண்ணுல இன்னும் ஒரு டின் கேளு, ரோஜாவுக்கு வேணும்."

தியோடர் மட்டும் மெலிந்துகொண்டு வந்தார். ஒரு பூனையிடம் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தூக்கம் வரவில்லை. கடைசியில், "இருங்க, எங்க ஊரு ஏரி வண்டல் ஒண்ணு பாக்கி இருக்குது" என்று சத்தியவேட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

அவர் திரும்பிய நாள் யூனிஸுக்கு விடுமுறை. மதியம் சாப்பாட்டுக்கு மேல், தோளில் ஒரு கோணிப்பையோடு, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்க, தியோடர் வாசலில் வந்து நின்றார். ஸ்ரீனிவாசராகவன் வீட்டில் இருந்தார். மாடிப்படிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். யூனிஸ் மேல்படியில் நின்று பார்த்தாள். மாமி சமையலறை வாசலில் நின்றாள். அவருக்குப் பூனை விஷயம் தெரியாது என்றுதான் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கோ," என்றார் ஸ்ரீனிவாசராகவன். "இது எந்த ஊர் மண்?"

"சத்தியவேட்டு ஏரி வண்டலுங்க."

"இவ்வளவு தூரம் எதுக்குச் சுமந்துண்டு வரேள்? அதுக்குத்தான் அந்த ஆத்து மணலே போறுமே. நீங்க கொண்டுவந்த நாள்லேர்ந்து அதுலதானே போயிண்டிருக்கு. கட்டிலுக்கு அடியில அந்தத் தட்டு இருக்கு. யூனிஸ் சொல்லலையா?"

மாமி இரண்டடி முன்னால் வந்தாள்.

"உங்களுக்கு... எப்படித் தெரியும்?" என்றாள் மாமி.

"தெரியாம என்ன? நீங்க ரெண்டு பேரும் வெளியில போனா கோதையைப் பார்த்துக்கறது யாரு? எங்கிட்டதானே வந்து தயிர்சாதம் கேக்கறது. என்ன சுத்தம், என்ன சுத்தம்! நம்மாத்து மனுஷா கத்துக்கணும்."

மாமி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். தியோடர் நாலு படி ஏறி, அண்ணாந்து யூனிஸைப் பார்த்தார். அவர் முகம் சிவந்திருந்தது. யூனிஸுக்கு ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆனால் கால் கீழ்நோக்கித்தான் போயிற்று.

"நெஜமாங்களா?" என்றார் தியோடர்.

"நெஜந்தாங்க."

"அப்போ கரிசல்? மல்லாட்டக் கொல்ல மண்ணு? அந்த மலையடிவாரத்துல சறுக்கி விழுந்து முட்டி பேத்துக்கினேனே, அது?"

"எல்லாம் நல்ல மண்ணுதாங்க. மாமி ரோஜா நல்லாப் பூத்துக்கினு இருக்குது."

"பின்ன எதுக்குங்க புடிக்கல, புடிக்கலன்னு..."

யூனிஸ் படியின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஊசி போடும்போது நோயாளியைப் பார்த்துச் சொல்வாளே, ஒரே தரம், சட்டென்று முடிந்துவிடும் என்று, அதை இப்போது தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

"புடிச்சிருக்குன்னா நீங்க வரமாட்டீங்களே," என்றாள்.

தியோடர் தோளிலிருந்த கோணியை மறந்துவிட்டார். அது சரிந்தது. சரிந்து, படியில் மோதி, வாய் பிளந்து, சத்தியவேட்டு ஏரி வண்டல் முழுவதும் மாவு மாதிரிப் புகைந்துகொண்டு படிப்படியாகக் கொட்டியது. ஸ்ரீனிவாசராகவன் விசிறியும் கையுமாகச் சாம்பல் நிறமாக நின்றார். அந்த நேரம் பார்த்துத் தொற்காள் மேலேயிருந்து இறங்கி வந்தது. நாலு பேரையும் ஒதுக்கித் தள்ளாத குறையாக நடுவில் வந்து, வண்டலை மோந்து பார்த்து, ஒரு பறி பறித்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

"இதுவும் புடிச்சிருக்குது!" என்று தியோடர் கத்தினார்.

அப்புறம் யார் முதலில் சிரித்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்ரீனிவாசராகவன் சிரித்ததை மாமி கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை; நாமத்தில் மண், மீசையில் மண், கண்ணில் தண்ணீர். தியோடர் படியில் உட்கார்ந்துவிட்டார். யூனிஸும் அவருக்கு இரண்டு படி மேலே உட்கார்ந்தாள்.

"எங்கம்மா கேட்டாங்க," என்றார் தியோடர் மூச்சு வாங்கிக்கொண்டு. "வண்டல மூணு தரம் சலிச்சேன். யாருக்குடா இதுன்னாங்க. பூனைக்குன்னேன். பூனைக்கு இவ்ளோ சலிக்கமாட்டாங்களே, பூன யாரு வூட்டுதுன்னாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"அதச் சொல்லத்தான் வந்தேன். மண்ணு கொட்டிப்போச்சு." துடைத்த கையை மறுபடி துடைத்துக்கொண்டார். "ஒங்க நைனாவ வந்து பாக்கட்டுங்களா?"

"டூட்டி இல்லாத நாளாப் பாத்து வாங்க," என்றாள் யூனிஸ். "நானும் இருக்கணும்."

தியோடரின் தாயார் ஞானம்மாளும் அவரும் வேலூருக்குப் போய் வேதநாயகத்தைப் பார்த்தார்கள். அவர் சம்பளம், குடும்பம், சபை என்று வழக்கமான கேள்விகளுக்குத் தயாராக மூக்குக்கண்ணாடியைப் போட்டார். ஏரி வண்டல் கதையைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். "தொற்காளுக்கே இவ்ளோ பண்ணவரு, எம்பொண்ணுக்குப் பண்ணமாட்டாரா? தேதி பாருங்க," என்றார். யூனிஸ் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்ததை அவர் கடைக்கண்ணால் பார்த்தார்.

சித்தூர் கோயிலில் கல்யாணம் நடந்தது. குமுதவல்லி மாமி முன் பெஞ்சில் பட்டுப்புடவையில் உட்கார்ந்து, எல்லோரும் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தாள். பெண்ணின் கையிலிருந்த பூச்செண்டில் கரிசல் மண்ணில் பூத்த ரோஜாக்கள் இருந்தன. அதைப் பக்கத்தில் இருந்தவர்களிடம் அவள் தனித்தனியாகச் சொன்னாள். ஸ்ரீனிவாசராகவன் வரவில்லை. பூனைக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

தியோடர் திருப்பதியிலேயே ஒரு தனி வீடு பார்த்தார். பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த வீடு. பின்னால் பெரிய கொல்லை, மாமரம், முருங்கை, அரையடி தோண்டினாலும் கல் இல்லாத மெத்தென்ற மண். "இனிமே டின்னும் வேணாம், தட்டும் வேணாம்" என்று தொற்காளைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லை நடுவில் விட்டார். அது மாமரத்தைச் சுற்றியது. முருங்கையில் நகத்தைத் தீட்டியது. ஓணான் ஒன்றைத் துரத்தியது. நல்ல வெயிலில் புரண்டது. பிறகு அவசரமாகக் கொல்லைக் கதவுக்கு ஓடிவந்து, திறக்கச் சொல்லிக் கத்தியது. திறந்ததும் வீட்டுக்குள் பாய்ந்து மூலை மூலையாகத் தட்டைத் தேடியது.

தியோடரும் யூனிஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பாதி ஆற்று மணலும், அன்று படியிலிருந்து வாரி வைத்திருந்த ஏரி வண்டல் பாதியுமாகக் கலந்து போட்டுப் பார்த்தார்கள். மணல் மெத்தென்று இருந்தது. வண்டல் நனைந்த இடத்தில் மட்டும் கட்டியாகத் திரண்டுகொண்டது. அந்தக் கட்டியைக் கரண்டியால் எடுத்துப் போட்டால் மீதி மண் அப்படியே சுத்தமாக இருந்தது, வாடையும் இல்லை. தியோடர் அந்தக் கட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "யூனிஸு, இங்க வா, இதப் பாரேன்!" என்று கத்தினார். அவள் கை கழுவாமல் ஓடிவந்து, இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தார்கள்.

"வண்டல் எவ்ளோ இருக்குது?" என்றாள் யூனிஸ்.

"ஒரு பைதான்."

"அப்ப சனிக்கெழம சத்தியவேட்டுக்குப் போலாம். ரெண்டு பேருமா."